'ஜாப்ஸ்வர்த்'துக்குக் கறார்னு போடாதீங்க

சகோ, நீங்க மொழிபெயர்க்கிற கதையில வாட்ச்மேனை 'ஜாப்ஸ்வர்த்'னு திட்டுறாங்க, அதுக்கு 'கறாரான ஆளு'ன்னு போடலாமான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு போட்டுறாதீங்க. கறார்ங்கிறது உருதுல இருந்து வந்த சொல்லு, நம்ம மதுரைப் பக்கம் அது பாதி பாராட்டு, கீழமாசி வீதி மொத்தக் கடையில 'அண்ணாச்சி காசு விஷயத்துல கறாரு'ன்னா அவரை நம்பலாம்னுதான் அர்த்தம். ஜாப்ஸ்வர்த் பிரிட்டிஷ்காரங்க வசவு. 'இதைச் செஞ்சா என் வேலையே போயிரும்'னு கைவிரிக்கிறவன், அந்த வாக்கியத்துல இருந்தே வந்த பேரு, 1970கள்ல இருந்து புழங்குது. எங்கம்மா ஃபாரத்தை நீல மையில எழுதிட்டாங்கன்னு ஒரு ஆபீஸ்ல திருப்பி அனுப்புனாரு ஒருத்தரு, முட்டி வலியோட மூணு மாடி ஏறி வந்த மனுஷி, அவரு மேசையிலயே கருப்புப் பேனா கெடக்கு, அதை எடுத்துக் குடுக்க மனசு வரல. அந்த ஆளுதான் ஜாப்ஸ்வர்த். கையில இருக்கிற அதிகாரம் கொஞ்சூண்டு, அதை வச்சு அடுத்தவங்களை அலைய விடுறது. நம்மூர்ல இதுக்கு 'சட்டம் பேசுறான்'னுதான சொல்லுவோம். 'கேட்டுல நின்னுக்கிட்டுச் சட்டம் பேசுறான்'னு எழுதிப் பாருங்க, பேரா வேணும்னா 'ரூல்ஸ் பேசுறவன்' போதும்.