பலமுறை மனந்திரும்பியும் ஆதியில் இருந்த அன்பு ஏன் திரும்பவில்லை?

எத்தனையோ முறை அழுது மன்னிப்புக் கேட்ட பிறகும் முன்பிருந்த ஜெப வாஞ்சை திரும்பவில்லை என்றும், தேவன் உங்களைக் கைவிட்டுவிட்டாரோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தோடு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

கண்ணீரையே மனந்திரும்புதல் என்று எண்ணியது என் பிழை. உபவாச ஜெபங்களில் அழுவேன், சில நாட்கள் உள்ளம் இளகியிருக்கும், பிறகு பழையபடி குளிர்ந்துவிடும். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில், எபேசு பட்டணத்து ஆதிக் கிறிஸ்தவ சபைக்குச் சொல்லப்பட்டதை ஒருநாள் நிதானமாக வாசித்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. எபேசு சோம்பலான சபை அன்று. அது பிரயாசப்பட்டது, பொறுமையாயிருந்தது, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்தறிந்தது. ஆயினும் ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டது. அதனிடம் கர்த்தர், எந்த நிலையிலிருந்து விழுந்தாய் என்பதை நினைத்து, மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். ஆதியில் இருந்த உணர்ச்சியை வரவழைத்துக்கொள் என்று அவர் கேட்கவில்லை.

நான் விழுந்த இடம் எனக்கு நன்றாகவே தெரியும். என்னோடு பணியாற்றிய ஒருவர்மேல், நான் செய்த தவறு ஒன்றைச் சுமத்தியிருந்தேன். அதைத் தேவனிடம் நூறுமுறை அறிக்கையிட்டிருப்பேன். அந்த நண்பரிடம் ஒருமுறையும் சொன்னதில்லை. சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயுவோ, தன் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்புவதாகவும் இயேசுவுக்கு முன்பாக நின்று சொன்னான். அந்தப் பகுதி என்னை விடவில்லை. கடைசியில் அந்த நண்பரைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் உடனே மன்னிக்கவில்லை. அப்படி எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அன்றிரவு முழங்காலில் நின்றபோது மறைத்துப் பேச என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

பலமுறை விழுந்தவனைத் தேவன் ஏற்பாரா என்பதற்கு 51-ஆம் சங்கீதத்தைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன். சுத்த இருதயத்தைத் தன்னிலே சிருஷ்டிக்கும்படி, பாவத்தில் விழுந்த தாவீது ராஜா அதில் கேட்கிறான். அங்கே வரும் எபிரெயச் சொல், ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்பதற்கு வரும் அதே வினைதான். உடைந்ததை ஒட்டவைத்துத் தரும்படி கேட்டவனின் ஜெபம் அன்று அது. தன்னிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை என்று ஒப்புக்கொண்டவனின் ஜெபம். இழந்த இரட்சண்ய சந்தோஷத்தையும் அவன் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது, ஆகவே அது உடனே வராததைக் கைவிடப்பட்டதற்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

எனக்கும் அது உடனே வரவில்லை. விசுவாசத்துக்கு வந்த புதிதில் செய்ததுபோல, விடியற்காலையில் எழுந்து ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, பிறருக்காகப் பெயர்சொல்லி ஜெபிக்கத் தொடங்கினேன். பல வாரங்கள் அது வறட்சியாகவே இருந்தது. பிறகு ஒரு காலையில், கடிகாரத்தைப் பார்க்க மறந்து ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்பதை, எழுந்த பின்புதான் உணர்ந்தேன்.