பின்மூடியைத் திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள்: பழைய கடிகாரம் சேர்ப்போர் கேள்வி-பதில்

கே: பழைய வாட்ச் சேர்க்க ஆசை. 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதை வாங்கித் தொடங்கலாம்? (திருச்சி)

முழுத் தொகையையும் வாட்சில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை சர்வீஸுக்கு எடுத்து வையுங்கள். வாங்கும் பழைய வாட்ச் எதுவானாலும், எண்ணெய் காய்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாட்ச் சாவி கொடுக்கிற எச்.எம்.டி.யாக இருக்கட்டும்: ஜனதா, சோனா, கோஹினூர், பைலட், எது கிடைத்தாலும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி. வாட்ச். உள்ளே இருப்பது சிட்டிசன் வழி வந்த 17 கல் (தேய்மானம் குறைக்கச் சக்கர அச்சுகளைத் தாங்கும் செயற்கை மாணிக்கம்) மெஷின். எளிமையானது, உறுதியானது, மூத்த ரிப்பேர்காரர்கள் யாருக்கும் கை பழகியது. கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டாலும், ஓடாமல் கிடக்கும் வாட்ச்களிலிருந்து உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவதாக, 1970-80களின் சீகோ 5 அல்லது சிட்டிசன் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறுவது) ஒன்று. குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி சேர்ந்த வாட்ச்) பக்கம் இப்போது போக வேண்டாம். அதன் சர்வீஸ் கூலியிலேயே இரண்டு எச்.எம்.டி. வாங்கிவிடலாம்.

எதை வாங்கினாலும் பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். துரு, ஸ்க்ரூத் தலைகளில் கீறல், நிறம் மாறிய ஒற்றைப் பாலம் (சக்கரங்களைத் தாங்கும் தகடு; நிறம் மாறியிருந்தால் வேறொரு மெஷினிலிருந்து வந்தது) ஆகிய மூன்றையும் பாருங்கள். திறக்கமாட்டேன் என்கிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

கே: எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்? (ஊர் இல்லை)

சுவரில் மாட்டுவதா, மேசையில் வைப்பதா, கையில் கட்டுவதா? ஓடுகிறதா? டயலில் என்ன பெயர்? எதுவுமே எழுதாமல் விலை கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. டயல், திறந்த மெஷின், பின்பக்கம், பெண்டுலம் இருந்தால் அதுவும் என்று நான்கு படங்கள் எடுத்து அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

கே: இணையத்தில் ஆரஞ்சு நிற டயலோடு எச்.எம்.டி. பைலட் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். 'பழைய ஸ்டாக், பயன்படுத்தாதது' என்றார்கள். டயல் பளபளவென்று புதிதாக இருக்கிறது. நல்ல வேட்டைதானே? (கோவை)

இல்லை. அது ரீடயல். பழைய டயலை அமிலத்தில் கழுவி, புதிதாகப் பெயின்ட் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சிட்டது. கேஸ் (வெளிக்கூடு) பாலிஷ் செய்தது, கிளாஸ் புதிது, உள்ளே இருக்கும் மெஷின் பெரும்பாலும் இரண்டு மூன்று வாட்ச்களிலிருந்து சேர்த்தது. மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. ஆகவே இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர் ஈரப்பதத்தில் டயல் புள்ளி விழுந்து கறுத்துப்போவது சகஜம். அப்படிப்பட்டவற்றை மொத்தமாக வாங்கிப் பெயின்ட் அடித்துத் தரும் பட்டறைகள் பல காலமாகவே உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த ரகத்துக்கு மும்பையின் பெயரையே வைத்துவிட்டார்கள். எச்.எம்.டி. மட்டுமல்ல, சீகோ 5, சிட்டிசன், ஃபாவ்ர்-லூபா சீ கிங், வெஸ்ட் எண்ட் என எதுவும் தப்பவில்லை.

கண்டுபிடிக்க 10 மடங்கு பெருக்கும் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஒன்று போதும். முதலில் நிமிடக் கோடுகள். தொழிற்சாலை அச்சில் ஒவ்வொரு கோடும் ஒரே தடிமன், முனை வெட்டினாற்போல் இருக்கும். ரீடயலில் கோடு மசங்கும், சில இடத்தில் தடித்திருக்கும், 12க்கு நேரே இருக்க வேண்டிய கோடு கால் மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அடுத்து தேதி ஜன்னலின் விளிம்பு. அங்கே பெயின்ட் திரண்டு நின்றால் ரீடயல். ஒட்டிய உலோக எண்கள் இருந்தால் அவற்றின் அடியில் பெயின்ட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முட்களில் ரேடியம் (இருட்டில் ஒளிரும் பூச்சை இப்படித்தான் சொல்வார்கள்) பழுப்பேறியிருக்க, டயலில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றால் முள்ளும் மாற்றியதுதான். சீகோவில் இன்னொரு சோதனை உண்டு. டயலின் அடி விளிம்பில் 6க்குக் கீழே பொடி எழுத்தில் மெஷின் எண் அச்சாகியிருக்கும். அந்த முதல் நான்கு இலக்கமும் பின்மூடியில் இருக்கும் மெஷின் எண்ணின் முதல் நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். டயல் 7009 என்று சொல்ல, மூடி 6309 என்று சொன்னால் கதை முடிந்தது.

மெஷினைக் கழற்றும்போது தெரிவது ஒன்று. டயலைப் பிடித்து நிறுத்தும் இரண்டு கால்கள் முறிந்துபோய், பசை தடவி ஒட்டியிருப்பார்கள். பசை உள்ளே இறங்கினால் மெஷினும் போயிற்று.

'பார்க்க அழகாகத்தானே இருக்கிறது' என்று கேட்கிறார்கள். அழகு உங்கள் விருப்பம். ஆனால் ஒரு டயலைக் கழுவிய பிறகு அந்தப் பழைய அச்சைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. மெஷினுக்கு உதிரிபாகம் கிடைக்கும், கேஸ் கிடைக்கும், கிளாஸ் 200 ரூபாய்க்குக் கிடைக்கும். அசல் டயல் கிடைக்காது. அதனால்தான் பழுத்து மஞ்சளான, ஓரத்தில் புள்ளி விழுந்த ஒரு ஜனதா, வண்ணமயமான பத்து ரீடயல்களைவிட மதிப்புள்ளது. விற்கும்போது ரீடயல் என்று சொல்லி விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'பழைய ஸ்டாக்' என்று விற்பது ஏமாற்று. திருப்பி அனுப்ப வழியிருந்தால் இன்றே அனுப்புங்கள். உங்களிடம் இருக்கும் அசல் டயலைப் 'புதுசாக்கி'த் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

கே: சர்வீஸ் செய்து வந்த வாட்ச் ஒரே வாரத்தில் நாளுக்கு 12 நிமிடம் கூடுதலாக ஓடுகிறது. ரிப்பேர்காரர் ஏமாற்றிவிட்டாரா? (மதுரை)

அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள். இவ்வளவு வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், செல்போன் உறையின் காந்தப் பட்டி, லேப்டாப் மூடி எல்லாமே காரணமாகலாம். பேலன்ஸின் (இடவலமாக ஆடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம்) மெல்லிய சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்தாற்போல் ஆகிவிடும். அதனால்தான் வேகம். ஒரு திசைகாட்டியின் மேல் வாட்சைக் கொண்டுபோங்கள். ஊசி துள்ளினால் காந்தம்தான். காந்தம் நீக்கும் சிறு கருவி 500 ரூபாய் அளவில் கிடைக்கிறது. வாட்சை அதன் மேல் வைத்து, பட்டனை அழுத்தியபடியே மெதுவாக ஒரு கை நீளம் விலக்கி, அதன் பிறகு பட்டனை விடுங்கள். பக்கத்தில் வைத்தபடியே விட்டால் முன்னைவிட அதிகமாக ஏறும்.

ஊசி அசையவில்லை என்றால், சுருளில் எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கலாம். அப்போது ரிப்பேர்காரரிடம் திரும்பப் போகலாம்.

கே: சீகோ 7009இல் சாவியைத் திருகினால் ஒன்றும் ஏறவில்லை. பழுதா? எந்த வருடத்து வாட்ச் என்று எப்படித் தெரியும்? (ஈரோடு)

பழுது இல்லை. அந்த மெஷினில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. இடவலமாக அரை நிமிடம் மெல்ல ஆட்டிக் கையில் கட்டுங்கள்.

பின்மூடியில் மெஷின் எண் தவிர ஆறு இலக்க எண் ஒன்றும் இருக்கும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 64 என்று தொடங்கினால் 1976 ஏப்ரல் அல்லது 1986 ஏப்ரல். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது மூடியின் மாதம் மட்டுமே. மூடி மாறியிருந்தால் வாட்சின் வயது வேறு.

கே: இரவில் தேதி மாற்றக் கூடாது என்கிறார்களே?

உண்மை. இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதிப் பல் பூட்டியிருக்கும். அப்போது விரைவுத் தேதி (முட்களை நகர்த்தாமல் தேதியை மட்டும் மாற்றும் வசதி) மாற்றினால் பல் முறியும். மணி முள்ளை 6க்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

கே: காரைக்குடியில் பழைய பெண்டுலக் கடிகாரம் வாங்கினேன். கடையில் ஓடியது. வீட்டில் பத்து நிமிடத்தில் நிற்கிறது. ஓடும்போது மணியும் தப்பாக அடிக்கிறது. (புதுக்கோட்டை)

கடையில் மாட்டியிருந்த சாய்வு வேறு, உங்கள் சுவர் வேறு. கண்ணை மூடிக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே சம இடைவெளி வேண்டும். 'டிக்டாக்... டிக்டாக்' என்று நொண்டினால் நிற்கத்தான் செய்யும். கடிகாரத்தின் அடிப்பகுதியை மெல்ல இடமோ வலமோ நகர்த்தி, சத்தம் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் கடிகாரம் கோணலாகத் தெரிந்தால், மெஷினிலிருந்து இறங்கிப் பெண்டுலத் தண்டைத் தள்ளும் மெல்லிய கம்பியை, எந்தப் பக்கம் உயர்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கமாகத் துளி வளைத்து, கடிகாரத்தை நேராக்குங்கள். துளி என்றால் துளிதான். பாதி மில்லிமீட்டருக்கே வித்தியாசம் தெரியும்.

நேரம் குறைந்தால் பெண்டுலக் குண்டை மேலே ஏற்றுங்கள், கூடினால் இறக்குங்கள். சுமார் 25 செ.மீ. நீளமுள்ள பெண்டுலத்தில் 1 மி.மீ. நகர்த்தினால் நாளுக்கு 3 நிமிடம் மாறும். மாற்றிவிட்டு ஒரு முழு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே அடுத்த மாற்றம்.

மணி விஷயம்: பழைய ஜப்பான், அமெரிக்கக் கடிகாரங்களில் பலவற்றில் மணி எண்ணிக்கைக்குத் தனிச் சக்கரம் உண்டு. முட்கள் எங்கே நிற்கின்றன என்பது அதற்குத் தெரியாது. நிமிட முள்ளை 12க்குக் கொண்டுவாருங்கள், எத்தனை அடிக்கிறது என்று எண்ணுங்கள், சிறிய முள்ளை மட்டும் அந்த எண்ணுக்கு மெல்லத் தள்ளி வையுங்கள். பிறகு நிமிட முள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு மணியும் அரை மணியும் முழுதாக அடித்து முடிக்கும் வரை காத்திருந்து சரியான நேரத்துக்கு வாருங்கள். மெஷினின் இரண்டு தகடுகளையும் மட்டும் நீங்களாகப் பிரிக்காதீர்கள். சாவி ஏறிய ஸ்பிரிங் விரலைக் கிழித்துவிடும்.

கே: சந்தையில் ஒரு பழைய டைம்பீஸ். முள்ளில் ரேடியம், ஆனால் இருட்டில் மின்னவில்லை. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாமா? (சென்னை)

சுரண்டவே கூடாது. மின்னுவது நின்றது கூடக் கலந்திருந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்ஃபைடு செத்துப்போனதால். 1960களுக்கு முந்தைய டைம்பீஸ் என்றால் அது கதிர்வீச்சு உள்ள அசல் ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் அரை ஆயுள் (கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஆகும் காலம்) 1,600 வருடம், அது அப்படியே இருக்கிறது. கிளாஸ் மூடியிருக்கும் வரை பெரிய பயமில்லை. தூளாகி மூச்சில் போவதுதான் ஆபத்து. கிளாஸ் உடைந்திருந்தால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் படுக்கையறையில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். டயலின் அடியில் 'டி ஸ்விஸ் டி' என்று இருந்தால் அது டிரிட்டியம், ரேடியத்துக்குப் பதில் வந்த பூச்சு. அரை ஆயுள் 12 வருடம்தான், கவலை மிகக் குறைவு.

கே: டயலில் பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ் என்று இருக்கிறது. சென்னையில் தயாரித்ததா?

விற்ற கடையின் பெயர் அது. கடைப் பெயரை டயலில் போட்டுத் தருவது அன்றைய வழக்கம். செய்தவர் யார் என்பது மெஷினில் இருக்கும். பின்மூடியைத் திறந்து பாருங்கள்.

கே: வாட்ச் இறுகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாமா?

விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் டபிள்யூ.டி. 40யும் கூடவே கூடாது. பழைய பிசுக்கின் மேல் புது எண்ணெய் விட்டால் அரைக்கும் மாவாகிப் பிவட்டை (சக்கர அச்சின் மெல்லிய முனை) தேய்க்கும். பிரித்துக் கழுவிய பிறகே எண்ணெய், அதுவும் ஒரு கல்லின் குழியில் பாதி அளவு. கண்ணுக்குத் தெரியும் சொட்டு என்றாலே அதிகம்.

கே: நானே பிரித்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? (சேலம்)

200-300 ரூபாய்க்கு ஓடாத எச்.எம்.டி. இரண்டு வாங்குங்கள். நல்ல வாட்சில் கை வைக்காதீர்கள். 1.0, 1.2, 1.6 மி.மீ. ஸ்க்ரூடிரைவர், நல்ல இடுக்கி, லூப், விரலுறை, வெள்ளைத் தட்டு. இது போதும்.

வரிசை முக்கியம். பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை ஸ்பிரிங்கில் இருக்கும் சாவியை இறக்குவது. சாவிக் குமிழை விரலால் இறுக்கிப் பிடித்து, பல்சக்கரத்தைத் தடுக்கும் கிளிக்கை ஒதுக்கி, குமிழ் விரலுக்குள் மெல்ல வழுக்கிச் சுற்ற விடுங்கள். இதைச் செய்யாமல் ஆங்கர் ஃபோர்க்கை (சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் கவட்டை) எடுத்தால் சக்கரங்கள் ஒரே நொடியில் பறந்து பிவட் முறியும். தொடங்குபவர்கள் மெஷினைக் கொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடுத்து சாவித் தண்டு: அதன் ஸ்க்ரூவை ஒரு சுற்று மட்டும் தளர்த்தினால் தண்டு வெளியே வரும், முழுதாகக் கழற்றினால் அடியில் உள்ள நெம்பு விழுந்து டயல் பக்கம் பிரிக்க வேண்டிவரும். பிறகு முட்கள், டயல், பேலன்ஸ், ஃபோர்க், கடைசியில் பாலங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். ஒரே மெஷினைப் பத்து முறை பிரித்துச் சேர்த்து ஓட வைத்த பிறகு எண்ணெய் வாங்கலாம்.

கே: இருபது வாட்ச் சேர்ந்துவிட்டது. பீரோவில் வைத்தால் போதுமா? (தூத்துக்குடி)

கடற்கரை ஊர், கவனம் வேண்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்துருண்டை வேண்டாம். தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றித் தனியே வையுங்கள், அது ஈரத்தை இழுத்துக் கேஸை அரிக்கும். சாவி வாட்ச்களை மாதம் ஒருமுறை ஒரு நாள் ஓட விடுங்கள். பேட்டரி வாட்ச் ஓடாமல் இருக்கிறதென்றால் செத்த செல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒழுகினால் மெஷினையே மாற்ற வேண்டியிருக்கும்.