முகம் மாறும் காதலன்: ‘தி பியூட்டி இன்சைட்’ படம் பற்றி நீங்கள் கேட்டவை

2015 ஆகஸ்டில் வெளியான கொரியப் படம் ‘தி பியூட்டி இன்சைட்’. ஒவ்வொரு நாளும் தூங்கி எழும்போது வேறொரு உடலோடு எழுகிற ஊஜின், அவனைக் காதலிக்கும் இசூ, இந்த இரண்டு பேரின் கதை. எனக்கு மிகவும் பிடித்த படம், பல தடவை பார்த்துவிட்டேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முடிவைப் பற்றியும் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

அக்கா, அவன் உடல் மாறுவதற்கு ஏதாவது விதி உண்டா? காரணம் சொல்கிறார்களா?

விதி ஒன்றே ஒன்றுதான்: தூங்கினால் மாறிவிடுவான். 18 வயதில் தொடங்குகிறது. சாபம், மந்திரம், விஞ்ஞானம் என்று எந்த விளக்கமும் கிடையாது. கிழவராகலாம், சிறுவனாகலாம், பெண்ணாகலாம், வேற்று நாட்டவராகவும் ஆகலாம். குரலும் மாறும், கண்பார்வைகூட மாறும். அதனால்தான் அவன் வீட்டில் பல அளவுகளில் உடை, செருப்பு, விதவிதமான மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. நினைவும் கைத்தொழிலும் மட்டும் அப்படியே இருக்கும். இந்த விஷயம் அவன் அம்மாவுக்கும் சாங்-பேக் என்ற நண்பனுக்கும்தான் தெரியும்.

காரணம் சொல்லாமல் விட்டது நல்லது என்பேன். சொல்லியிருந்தால் அதைத் தீர்க்கும் வழியை நாமும் தேட ஆரம்பித்திருப்போம். இது தீரவே தீராது, இதோடுதான் வாழ வேண்டும் என்ற இடத்திலிருந்துதான் கதை தொடங்குகிறது.

ஊஜினாக மொத்தம் எத்தனை பேர் நடித்திருக்கிறார்கள்?

சின்னச் சின்னத் துண்டுகளையும் சேர்த்தால் 123 பேர். கொஞ்சம் நீளமான காட்சிகள் உள்ளவர்கள் 21 பேர்: பார்க் சியோ-ஜூன், லீ ஜின்-உக், சுன் ஊ-ஹீ, கோ ஆ-சங், கிம் சாங்-ஹோ, கிம் ஜூ-ஹ்யுக், யூ யோன்-சியோக், ஜப்பானிய நடிகை உவேனோ ஜூரி எனப் பட்டியல் போகும். இசூ மட்டும் கடைசிவரை ஹான் ஹியோ-ஜூதான்.

இத்தனை பேரும் ஒரே ஆள் என்று நம்மை நம்ப வைப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று பின்னணிக் குரல். ஊஜினின் மனக்குரலாக வருவது யூ யோன்-சியோக்கின் குரல். அவர் திரையில் கடைசியில்தான் வருகிறார். ஆக, படம் முழுக்கக் கேட்ட குரலுக்கு ஒரு முகம் முடிவில்தான் கிடைக்கிறது. இன்னொன்று படத்தொகுப்பு. யாங் ஜின்-மோவுக்கு இந்தப் படத்துக்காக அந்த ஆண்டின் புளூ டிராகன் என்ற கொரியத் திரைப்பட விருது கிடைத்தது. பின்னாளில் ‘பாரசைட்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவரும் இவர்தான். ஒரு நடிகர் பாதியில் விட்ட பார்வையை அடுத்தவர் எங்கே எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

அவனுக்கு ஏன் மரச்சாமான் செய்யும் தொழில்?

முகம் காட்டாமல் செய்யக்கூடிய வேலை என்பது முதல் காரணம். வாடிக்கையாளர்களிடம் பேசுவதையெல்லாம் சாங்-பேக் பார்த்துக்கொள்வான். ஆனால் அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஊஜின் செய்வது ஆளுக்கு ஏற்ற சாமான். தனக்கென்று ஒரு நிலையான உடல் இல்லாதவன் மற்றவர்களின் உடலுக்கு நாற்காலி செய்து தருகிறான். இசூ வேலை செய்வதும் மரச்சாமான் கடையில்தான். அவனைப் பார்த்துப் பழகும் முன்பே அவன் செய்த பொருளின் அருமை தெரிந்தவள் அவள். கடைசியில் அவனைத் தேடிச் செக் நாட்டுக்குப் போவதும் மரச்சாமான் வழியாகத்தான். முகத்தை அடையாளம் காண முடியாவிட்டாலும் கைவேலையை அடையாளம் காண முடிகிறது.

கோபத்தோடுதான் கேட்கிறேன். ‘அழகு உள்ளே இருக்கிறது’ என்று தலைப்பு வைத்துவிட்டு, காதல் காட்சி வந்தால் மட்டும் அழகான நடிகரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே? இது ஏமாற்று இல்லையா?

உங்கள் கோபம் நியாயமானது. முதல் சந்திப்புக்குப் பார்க் சியோ-ஜூன், முடிவில் செக் நாட்டுப் பிராக் நகரக் காட்சிக்கு யூ யோன்-சியோக். வயதானவரும் தொந்தி விழுந்தவரும் பெரும்பாலும் சிரிப்புக்கோ சோகத்துக்கோ பயன்படுகிறார்கள். படம் தன் கொள்கையிலிருந்து நழுவும் இடம் இது என்பதை நான் மறுக்க மாட்டேன். இயக்குநர் பேக் ஜோங்-யோல் விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர், இது அவருடைய முதல் முழுநீளப் படம். ஒவ்வொரு காட்சியும் பளபளவென்று இருக்க வேண்டும் என்ற பழக்கம் படம் முழுக்கத் தெரிகிறது.

ஆனால் அந்த முதல் சந்திப்பைத் திரும்பப் பாருங்கள். நல்ல முகம் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருந்துதான் ஊஜின் அவளிடம் பேசப் போகிறான். அந்த முகத்தை இழக்க மனமில்லாமல் மூன்று நாள் தூங்காமல் கிடக்கிறான். ரயிலில் ஒரு நொடி கண்ணயர்கிறான், விழிக்கும்போது தலை வழுக்கையான நடுத்தர வயதுக்காரனாக இருக்கிறான். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், இவன் பக்கத்தில் போக முடியாமல் நிற்கிறான். தோற்றம் முக்கியமில்லை என்பதை இந்தக் கதையில் கடைசியாக நம்புகிறவன் ஊஜின்தான். இதைப் படம் நேர்மையாகவே காட்டுகிறது.

இசூ ஏன் நோய்வாய்ப்படுகிறாள்? உண்மையாகக் காதலித்தால் அவளால் தாங்கியிருக்க முடியாதா?

எனக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான்.

படம் ஊஜினின் கதைபோலத் தொடங்கும். பாதிக்கு மேல் அது இசூவின் கதை. அவள் நிலையில் நின்று ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். கூட்டத்தில் காதலனைத் தேட முடியாது. அவன் வந்து கையைப் பிடித்தால்தான் அவன் என்று தெரியும். அதுவரை எதிரே வரும் ஒவ்வொரு ஆளும் அவனாக இருக்கலாம். தினம் ஒருவரோடு சுற்றுகிறாள் என்று வேலை செய்யும் இடத்தில் பேச்சு கிளம்புகிறது. யாரிடமும் விளக்கிச் சொல்லவும் முடியாது. தனியாக இருக்கும்போது அவன் முகத்தை நினைத்துக்கொள்ளலாம் என்றால் எந்த முகத்தை நினைப்பது?

நமக்குப் பிரியமானவரின் முகம் அழகானதா இல்லையா என்பது வேறு விஷயம். அது பழகிய முகம், பார்த்ததும் மனசு அடங்குகிற முகம். இசூவுக்கு இல்லாமல் போனது அந்த அடங்கல்தான். அவளுக்கு ஊஜின் மேல் சந்தேகம் கிடையாது, காதலும் குறையவில்லை. இருந்தும் மனநல மருத்துவரிடம் போய் மாத்திரை எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வருகிறாள். அதை அவனிடம் மறைத்தும் வைக்கிறாள். இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளத்தைப் பார்த்து நேசி என்று சொல்வது சுலபம், அதற்குத் தினமும் விலை கொடுப்பது யார் என்று இந்தப் படம் கேட்கிறது. முக அழகைத் தாண்டிய காதல் பற்றி நான் பார்த்த வேறு எந்தக் கதையும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஊஜினின் அம்மாவையும் சேர்த்துப் பாருங்கள். அவன் அப்பாவுக்கும் இதே நிலை இருந்தது என்பது பின்னால்தான் தெரிகிறது. அதாவது அம்மாவும் ஒரு காலத்தில் இசூவாக வாழ்ந்தவர். அந்த விஷயம் தெரிந்தபிறகு அவருடைய முந்தைய காட்சிகளை மறுபடி பார்த்தால் ஒவ்வொரு பார்வைக்கும் வேறு அர்த்தம் வரும்.

அவன் பெண்ணாக மாறும் நாட்களைப் படம் எப்படிக் கையாள்கிறது?

தொடக்கத்தில் நன்றாக, பிறகு கொஞ்சம் தயக்கத்தோடு. ஊஜின் தன் ரகசியத்தை இசூவிடம் முதலில் சொல்வது பெண்ணுருவில்தான், சுன் ஊ-ஹீ நடித்திருக்கிறார். அந்தப் பயமும் அவசரமும் அருமையாக வந்திருக்கும். உவேனோ ஜூரி ஜப்பானிய மொழியில் பேச, இசூ கொரிய மொழியில் பதில் சொல்லும் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்த நாட்களில் அவர்கள் நெருக்கம் என்னவாகிறது என்ற கேள்விக்குள் படம் போகவே இல்லை. தோழிகள்போல இருந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கொரியாவில் தோற்றம் அவ்வளவு பெரிய விஷயமா, இல்லை படத்துக்காகச் சொல்கிறார்களா?

பெரிய விஷயம்தான். தோற்றத்தை வைத்தே ஆளை மதிக்கும் போக்குக்கு ‘வெமோஜிசாங்ஜுயி’ என்று அங்கே ஒரு சொல்லே உண்டு. வேலை விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டுவது வெகுகாலப் பழக்கம். 2017இல் அரசுத் துறை நிறுவனங்களில் புகைப்படம் இல்லாத விண்ணப்ப முறையைக் கொண்டுவந்தார்கள். 2019இல் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் உயரம், எடை போன்ற விவரங்களைக் கேட்கக்கூடாது என்று சட்டத்தையே திருத்தினார்கள். சியோலில் அப்குஜோங் பக்கம் போனால் முக அறுவை சிகிச்சை மருத்துவமனைகள் வரிசையாக நிற்கும். அப்படிப்பட்ட ஊரில், ஒரே முகத்தை இரண்டு நாள் வைத்துக்கொள்ள முடியாத ஒருவனின் கதை 20 லட்சம் பேருக்கு மேல் திரையரங்குக்கு இழுத்தது.

இது அமெரிக்கக் கதை என்கிறார்களே? தொடரும் இருக்கிறதாமே?

ஆமாம். 2012இல் இன்டெல், தோஷிபா நிறுவனங்களுக்காக டிரேக் டோரிமஸ் இயக்கிய ஆறு பகுதி இணையத் தொடர்தான் மூலம். அதில் நாயகன் பெயர் அலெக்ஸ். பார்வையாளர்களும் தங்களைப் படம்பிடித்து அனுப்பி அலெக்ஸாக நடிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2018இல் கொரியாவில் 16 பகுதித் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் மாறுவது பெண், அதுவும் மாதத்தில் ஒரு வாரம் மட்டும். நாயகனுக்கோ யாருடைய முகமும் அடையாளம் தெரியாத குறைபாடு. கலகலப்பான தொடர், ஆனால் படத்தின் கனம் அதில் இல்லை.

பனியில் பிரியும் காட்சியில் வரும் நடிகர் யார்? அவரை மறக்கவே முடியவில்லை.

கிம் ஜூ-ஹ்யுக். இசூவின் மாத்திரைகளைப் பற்றித் தெரிந்துகொண்டபின், பிரிந்துவிடலாம் என்று ஊஜின் சொல்லும் காட்சி. குரலை உயர்த்தவே மாட்டார். குளிரில் நிற்காதே, உள்ளே போ என்கிற அக்கறையோடுதான் பேசுவார், அதனாலேயே நமக்குத் தாங்காது. முந்தைய முகங்கள் அத்தனையின் களைப்பும் அந்த ஒரு முகத்தில் இறங்கியிருக்கும். 2017 அக்டோபர் 30 அன்று கார் விபத்தில் அவர் இறந்துபோனார், 45 வயதுதான். அதற்குப் பிறகு அந்தக் காட்சி வரும்போதெல்லாம் நான் படத்தை ஒரு நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.