கவலைப்பட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் கொத்தனார். போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டது. இன்றுவரை கனமான வேலை செய்ய முடியவில்லை. நான் அண்டி ஆபீசில் முந்திரி வேலைக்குப் போகிறேன். மகள் அரசுப் பள்ளியில் படித்து இப்போது நர்சிங் இரண்டாம் வருடம். மகன் பத்தாம் வகுப்பு. குழுக் கடன் இரண்டு ஓடுகிறது. அது போதாமல், கணவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் பத்து வட்டிக்கு முப்பதாயிரம் வாங்கியிருக்கிறேன். ஜெபக்கூட்டத்தில் ஒருநாள் மனம் தாங்காமல் அழுதபோது, ஒரு அக்கா 'கவலைப்படுவது பாவம், உனக்கு விசுவாசம் போதாது' என்றார். அன்றிலிருந்து யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. டிவியில் ஒரு ஊழியக்காரர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்காத வீட்டில் சாபம் இருக்கும் என்கிறார். கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாமா? இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. சில நாள், கண்ணை மூடினால் திறக்காமலே இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. இந்த மனதோடு போகக் கூடாது என்று மூன்று மாதமாகக் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கும் போகவில்லை. கவலைப்பட்டுக்கொண்டே செய்யும் ஜெபம் கேட்கப்படுமா?

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்வி கடைசியில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் முதலில் எடுக்கிறேன். கண்ணைத் திறக்காமலே இருந்தால் என்ன என்ற நினைப்பு உங்களுக்கு முன்னால் எலியாவுக்கும் வந்தது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்றே சொல்லிவிட்டார். கர்மேல் மலையில் அக்கினியை இறங்கவைத்த தீர்க்கதரிசி அவர். அவரைப் பார்த்து 'உனக்கு விசுவாசம் போதாது' என்று வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தூதன் அவரைத் தட்டியெழுப்பி, சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடை இருந்தது, தண்ணீர் இருந்தது. சாப்பிட்டார், திரும்பப் படுத்துத் தூங்கினார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். ராஜாக்களின் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, இன்று இரவே படியுங்கள். களைத்துப்போன ஒருவருக்குக் கடவுள் முதலில் கொடுத்தது சோறும் தூக்கமும். புத்திமதிக்கு அப்புறம்தான் நேரம் வந்தது.

அதனால் நீங்கள் முதலில் செய்யவேண்டியது, தூக்கம் போன விஷயத்தை ஒரு டாக்டரிடம் சொல்வது. பக்கத்து அரசு மருத்துவமனைக்கே போகலாம். 'செத்துப்போகலாம் போல இருக்கிறது' என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். நடுராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கும் கணவரை எழுப்பினாலும் சரி. அந்த ஒரு மணி நேரத்தைத் தனியாகக் கழிக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கவலைப்படுவது பாவம் என்று சொன்ன அந்த அக்கா உங்களைக் குத்திக்காட்ட நினைத்திருக்க மாட்டார். மலைப்பிரசங்கத்தில் இயேசு 'கவலைப்படாதிருங்கள்' என்று சொன்னதைத்தான் மனதில் வைத்திருப்பார். ஆனால் அந்த வசனத்தை யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அன்றன்று கூலி கிடைத்தால்தான் அடுப்பெரியும் ஜனங்கள். 'இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்' என்றார். உங்கள் வீட்டில் அரிசி இல்லை என்பது அவருக்குத் தெரியும் என்று தைரியம் சொன்னார். அந்தப் பகுதி முடியும்போது, 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்' என்றார். நாளுக்கு நாள் பாடு உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நாளைய பாட்டையும் இன்றைக்கே சேர்த்துச் சுமக்காதே என்கிறார், அவ்வளவுதான். ஆறுதலாகச் சொன்னதை எடுத்து அழுகிறவள் மேல் குற்றமாகச் சுமத்துவது சரியில்லை. இதை யார் செய்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்போஸ்தலன் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்றுக்குங்கவலைப்படாமல்' என்று பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதியவர் அவர். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், எல்லாச் சபைகளைக் குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று எழுதுகிறார். இயேசுவும் கெத்செமனேயில் சீஷர்களைப் பார்த்து, 'என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது' என்றார். தனியாக இருக்க முடியாமல், என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆண்டவரே வாய்விட்டுச் சொன்னார் என்றால், நீங்கள் ஜெபக்கூட்டத்தில் அழுததில் என்ன தவறு?

கவலையோடு செய்த ஜெபம் கேட்கப்படும், சகோதரி. சங்கீதப் புத்தகத்தில் அப்படிப்பட்ட ஜெபம் எத்தனையோ. 13ஆம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று நியாயம் கேட்டபடிதான் தொடங்குகிறது. நீங்களும் அப்படியே கேளுங்கள். 'எங்கள் தேவைகளையெல்லாம் சந்தியும்' என்று பொதுவாக ஜெபிப்பதைவிட, 'திங்கட்கிழமை குழுவுக்குக் கட்ட இன்னும் நானூறு ரூபாய் குறைகிறது ஆண்டவரே' என்று ஜெபியுங்கள். பிலிப்பியர் வசனத்தின் மீதிப் பாதியில் பவுல் சொல்வது இதைத்தான்: உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் பென்சிலில் போட்டிருந்த கணக்கையும் பார்த்தேன். அனுப்ப நினைத்துப் போட்டதா, பழைய தாளா என்று தெரியவில்லை. சம்பளம் 9,000. குழு இரண்டுக்கும் சேர்த்து 5,400. 'அவருக்கு' என்று எழுதி 3,000. மளிகை என்று எழுதி, அதற்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகு, ஜெபத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடன் கொடுத்தவன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோக வந்தபோது தவித்த ஒரு விதவையைப் பற்றி ராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவளிடம் எலிசா தீர்க்கதரிசி கேட்டது, வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான். ஒரு குடம் எண்ணெய் என்றாள். அக்கம்பக்கத்தில் போய் வெறும்பாத்திரங்களை, அதுவும் நிறைய, கேட்டு வாங்கச் சொன்னார். யோசித்துப் பாருங்கள்: தெருவெல்லாம் பாத்திரம் கேட்டுப் போனால் தெருவெல்லாம் தெரிந்துவிடும். அவள் போனாள். பிள்ளைகளும் கூட இருந்து பாத்திரம் எடுத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் பெருகியபின் எலிசா சொன்ன முதல் வேலை, அதை விற்றுக் கடனைத் தீர்ப்பது. மீதியில் குடும்பம் பிழைக்கட்டும் என்றார். அற்புதம் நடந்ததும் நடக்கவேண்டிய இடத்தில்தான் நடந்தது, கடன் கணக்கின் நடுவில்.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? மகள் கல்யாணத்துக்கென்று இரண்டு பவுன் சங்கிலி வைத்திருப்பதாகவும் அந்தத் தாளில் குறித்திருக்கிறீர்கள். பத்து வட்டி என்றால் முப்பதாயிரத்துக்கு மாதம் மூவாயிரம், வருடத்துக்கு முப்பத்தாறாயிரம். வட்டியே முதலைத் தாண்டிவிடுகிறது, முதல் அப்படியே நிற்கிறது. கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகையை அடகு வைத்தால் நூறு ரூபாய்க்கு வருடத்துக்கே ஏறக்குறைய பத்து ரூபாய்தான் வட்டி வரும், வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். சங்கிலியை அடகு வைத்து அந்த முப்பதாயிரத்தை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். கொடுக்கும்போது சாட்சிக்கு ஆள் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் ஏதாவது இருந்தால் அதைத் திரும்ப வாங்குங்கள். அந்த ஆள் மிரட்டினால், கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. போலீசுக்குப் போகலாம். போவது விசுவாசக் குறைச்சல் ஆகாது.

குழுக் கடனில் வேறு வழி. கணவர் சம்பாதித்த காலத்தில் எடுத்த கடன் அது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் கொண்டுவந்த விதிப்படி, வருடம் மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள வீட்டுக்கு ஈடில்லாமல் கொடுக்கும் இந்த மாதிரிக் கடன்களில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கட்ட முடியாத நிலைக்கு வந்தவர்களிடம் பேசி வழிசொல்லவும் அந்த நிறுவனங்களுக்குக் கடமை இருக்கிறது. வசூலுக்கு வருகிறவரிடம் வாசலில் நின்று கெஞ்ச வேண்டாம். கிளை அலுவலகத்துக்குப் போய், கணவரின் மருத்துவச் சீட்டைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கொடுங்கள். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போனில் நச்சரிக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் அட்டையை எடுத்துப் பாருங்கள். விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அதில் உதவி உண்டு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரவேண்டும். வரவில்லையென்றால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இது எதையும் கணவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அந்த முப்பதாயிரத்தை அவரிடம் சொல்லியாக வேண்டும். கோபப்படுவார், ஒன்றிரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருப்பார். இருக்கட்டும். கையும் காலும் ஓடி உழைத்த மனுஷன் ஒரு வருடமாகக் கட்டிலிலும் திண்ணையிலும் கிடக்கிறார். தன்னால் இனி எந்தப் பிரயோசனமும் இல்லை என்று அவருக்கும் ராத்தூக்கம் இருக்காது. அவருக்குக் கஷ்டம் தெரியக் கூடாது என்று நீங்கள் மறைக்கிறீர்கள். அவரோ தன்னிடம் யாரும் எதையும் சொல்வதில்லை என்று நினைக்கிறார். இடுப்பில்தான் அடி, வாய்க்கு ஒன்றும் இல்லையே. குழு அலுவலகத்துக்குப் போன் பேச, வாரியத்துக்கு விண்ணப்பம் நிரப்ப, வங்கியில் வட்டி விசாரிக்க அவரால் முடியும். ராத்திரி சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படுத்த பிறகு, அந்தப் பென்சில் கணக்கைப் புதிதாக எழுதி அவர் கையில் கொடுங்கள். மளிகைக்கு எவ்வளவு என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.

சபையிலும் ஒருவருக்காவது தெரியட்டும். எல்லாரிடமும் சொல்லவேண்டியதில்லை. ரகசியம் காக்கிற ஒருவர், அல்லது ஆயரம்மா போதும். ஆதிச் சபையில் அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் 'விசுவாசமாயிருங்கள்' என்று சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களை அந்த வேலைக்கென்றே நியமித்தார்கள். உங்கள் ஜில்லாவின் சபைக்கே அந்தச் சரித்திரம் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு வேதத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார், நாலு காசு அவர்கள் கைக்கு வரவேண்டும் என்று. நெய்யூரில் மருத்துவ ஊழியம் 1838இலேயே தொடங்கிவிட்டது. அப்படி வளர்ந்த சபையில் பட்டினியைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

தசமபாகத்துக்காகக் கடன் வாங்கவே கூடாது. உங்கள் வீட்டுக்குச் சாபமும் இல்லை, ஒன்றும் இல்லை. மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று பவுல் காணிக்கை விஷயத்திலேயே எழுதியிருக்கிறார். இப்போதைக்கு ஆராதனையில் பத்து ரூபாய் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் வெறுங்கையோடு போங்கள்.

திருவிருந்தை விட்டுவிட்டீர்களே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். மனம் அமைதியான பிறகு வரலாம் என்று காத்திருந்தால் நம்மில் யாருமே போக முடியாது. ஆண்டவர் சிலுவைக்குப் போவதற்கு முந்தின இரவில் சீஷர்களோடு சாப்பிட்ட அந்த முதல் பந்தியில் இருந்தவர்களும் கலங்கிப்போய்த்தான் இருந்தார்கள். 'உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக' என்று ஆண்டவர் சொல்லவேண்டி வந்ததே அந்த இரவில்தான். ஆகவே இந்த மாதமே போங்கள். கணவரால் கோயில் படி ஏற முடியாது என்றால் ஆயரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், நோயாளிகளுக்குக் கொடுப்பதுபோல வீட்டுக்கே வந்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுப்பார்.