வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் நாய்க்குச் சத்து மருந்து தேவையா?

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது, எடை 10 கிலோ, கருத்தடை செய்த பெண் நாய். ஓராண்டாக வேகவைத்த கோழி இறைச்சி, சோறு, கேரட் ஆகியவற்றை மட்டுமே கொடுத்து வருகிறோம். முடி பளபளப்பாக இருக்கிறது. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கால்சியம் அளவும் சரியாகவே இருந்தது. இருந்தாலும் கால்சியம், மீன் எண்ணெய், மல்டிவைட்டமின் எல்லாம் சேர்க்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நாங்கள் சாப்பிடும் மாத்திரைகளையே கொடுக்கலாமா? விரைவில் லாப்ரடார் குட்டி ஒன்றும் வரவிருக்கிறது. அதற்கும் இதே உணவு போதுமா?

பதில்: உங்கள் நாய்க்குச் சத்துகள் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் நண்பர்கள் சொல்வதுபோல் தெம்புக்காகக் கொடுக்கும் டானிக்காக அல்ல. நீங்கள் சமைக்கும் உணவில் இல்லாமல் போன பொருளாக, அந்த உணவைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். குறையாத ஒன்றைக் கூட்டுவதால் பயனில்லை, சில சமயம் கெடுதலும் உண்டு.

முதலில் கால்சியம். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கிலோ கலோரி தேவைப்படும். வேகவைத்த கோழி இறைச்சி 200 கிராமும் சோறு 200 கிராமும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடுகிறது. வளர்ந்த நாய்க்கு 1,000 கிலோ கலோரி உணவில் குறைந்தது 1.25 கிராம் கால்சியம் இருக்க வேண்டும் என்ற அளவுகோலின்படி, இதற்கு நாள்தோறும் சுமார் 750 மில்லிகிராம் வேண்டும். மேலே சொன்ன இறைச்சி, சோறு, அதனுடன் சிறிது கேரட் எல்லாம் சேர்ந்தும் 100 மில்லிகிராமைத் தொடாது. அதே தட்டில் பாஸ்பரஸ் மட்டும் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகம் போனால் இரு மடங்காகவோ இருக்க வேண்டிய இடத்தில், இங்கே விகிதம் தலைகீழாகக் கிடக்கிறது.

அப்படியானால் இரத்தத்தில் கால்சியம் எப்படிச் சரியாக இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். இதயமும் தசைகளும் நரம்புகளும் இயங்குவதற்கு இரத்தத்தில் கால்சியம் குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். உணவில் அது வராதபோது பாராதைராய்டு சுரப்பி கூடுதலாக வேலை செய்து, எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. எனவே இரத்தப் பரிசோதனை முடிவு பல மாதங்கள் நன்றாகவே இருக்கும், எலும்பு மட்டும் மெலிந்துகொண்டே போகும். தாடை எலும்பு மென்மையாகிப் பற்கள் ஆடுவது, காரணமின்றி நொண்டுவது, சிறிய தாவலில் எலும்பு முறிவது ஆகியவை தெரிய வரும்போது குறைபாடு முற்றியிருக்கும். முடியின் பளபளப்பு உணவில் கொழுப்பும் புரதமும் போதிய அளவு இருப்பதைக் காட்டலாம். எலும்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதைச் சரிசெய்ய மிக எளிய வழி முட்டை ஓட்டுத் தூள். ஓட்டைக் கழுவிக் கொதிக்க வைத்து, நன்றாக உலர்த்தி, கையில் நெருடாத அளவுக்கு மாவாக அரைக்க வேண்டும். அதில் ஏறக்குறைய 38 சதவீதம் கால்சியம் என்பதால், உங்கள் நாயின் அன்றாட உணவுக்கு 2 கிராம் தூள் போதும். இதைத் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும்; ஒரு தேக்கரண்டி நிறைய எடுத்தால் 5 கிராமுக்கு மேல் போய்விடும், அந்த மிகையான கால்சியம் துத்தநாகம் உடலில் சேர்வதைத் தடுக்கும். எலும்புத் தூளில் பாஸ்பரஸும் இருப்பதால், பாஸ்பரஸ் ஏற்கெனவே போதிய அளவு உள்ள இந்த உணவுக்கு அது முதல் தேர்வு அல்ல. சிறுநீரக நோயுள்ள நாய்க்கு அதைத் தவிர்க்கவே வேண்டும். எலும்பையே வேகவைத்துக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் வேண்டாம். வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

கால்சியத்தோடு முடிந்துவிட்டால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. உங்கள் உணவில் அயோடின், துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, வைட்டமின் டி, வைட்டமின் இ, கோலின் ஆகியவையும் குறைவு. வெயிலில் விட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பது மனிதருக்குப் பொருந்தும். நாயின் தோல் அதைப் போதிய அளவில் தயாரிப்பதில்லை, உணவில்தான் வர வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2013-இல் 200 வீட்டு உணவுக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 95 சதவீதத்தில் குறைந்தது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அவற்றில் இருந்தன என்பதால், எங்கள் தொழிலுக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. காய்கறிகளை மாற்றி மாற்றிப் போடுவதால் இந்தக் குறைகள் தீர்வதில்லை. வீட்டு உணவை முழுமையாக்குவதற்கென்றே தயாரித்த வைட்டமின், தாதுக் கலவை வேண்டும். டப்பாவில் எவ்வளவு உணவுக்கு எவ்வளவு கிராம், ஒவ்வொரு சத்தும் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘தோலுக்கும் முடிக்கும் நல்லது’ என்று எழுதிய டானிக் அந்த வேலையைச் செய்யாது. அந்தக் கலவையிலேயே போதுமான கால்சியம் இருந்தால் முட்டை ஓட்டுத் தூளை நிறுத்திவிட வேண்டும். கலவையை உணவு ஆறிய பின்பே கலக்க வேண்டும், ஏனெனில் சில வைட்டமின்கள் சூட்டில் அழிந்துவிடும்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. மென்று தின்னும் இனிப்பு வைட்டமின்கள் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி, நாயின் ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் சென்றாலே இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்; அதற்கு மேல் போனால் கல்லீரலும் கெடலாம். மல்டிவைட்டமினில் உள்ள இரும்பு சிறிய நாய்க்கு நஞ்சாகலாம். வைட்டமின் டி 60,000 அலகு கொண்ட மாத்திரை ஒன்றை உங்கள் நாய் விழுங்கினால், கிலோவுக்கு 6,000 அலகு ஆகிறது; கிலோவுக்கு 4,000 அலகு அளவிலேயே நச்சுக் குறிகள் தோன்றக்கூடும் என்பதால், அது உடனடியாக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை. வைட்டமின் சி-யை நாயின் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது, அதற்காகச் செலவிட வேண்டாம்.

மீன் எண்ணெய் ஓரளவு பயனுள்ளதுதான். ஆனால் மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல: பின்னதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் செறிவாக இருப்பதால், வைட்டமின் கலவையுடன் அதையும் சேர்த்தால் அளவு மீறும். நாள்தோறும் ஈரல் சமைத்துப் போடுவோரும் வைட்டமின் ஏ விஷயத்தில் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆளி விதை எண்ணெய் மீன் எண்ணெய்க்கு ஈடாகாது, ஏனெனில் அதிலுள்ள கொழுப்பு அமிலத்தைத் தனக்கு வேண்டிய வடிவுக்கு நாயின் உடல் மிகக் குறைவாகவே மாற்றுகிறது.

லாப்ரடார் குட்டிக்கு இந்த உணவைக் கொடுக்காதீர்கள். வேகமாக வளரும் பேரினக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. ஏறக்குறைய ஆறு மாத வயது வரை, மிகுதியாக வரும் கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறன் குட்டிக்குச் சரியாக அமைவதில்லை. எலும்பு வலுக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஊற்றப்படும் கால்சியம் சிரப்பே கால்கள் வளைவதற்கும் மூட்டு எலும்புகள் ஒழுங்கற்று வளர்வதற்கும் காரணமாகிறது. வளர்ச்சி முடியும் வரை, பேரினக் குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உணவை மட்டும் கொடுங்கள். அதனுடன் கால்சியமோ வைட்டமினோ ஒரு துளிகூடச் சேர்க்க வேண்டாம்.

உங்கள் நான்கு வயது நாய்க்கு, ஒரு வாரம் கொடுத்தவற்றையெல்லாம் கிராம் கணக்கில் எழுதி, வாங்க நினைக்கும் கலவையின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறதா என்பதையும் சொல்லுங்கள், ஏனெனில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகளைக் கால்சியத்துடன் சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. ஓராண்டாக இந்த உணவை உண்டிருப்பதால், இரத்த அளவு சரியாக இருந்தாலும், தாடைக்கும் கால் எலும்புகளுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.