கார்பன் காப்பி தெரிந்தவருக்கு சி.சி. புதிதில்லை

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.காம். சி.ஏ. சேர்ந்த முதல் வாரத்திலேயே மகள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததாகவும், வகுப்பில் ரேம், ரோம், யு.ஆர்.எல். என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல மற்ற பிள்ளைகள் தலையாட்டினார்கள், தமிழ் வழியில் படித்த எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை என்று அவள் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தலையாட்டியவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் நினைக்க வேண்டாம். பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களோடு பேசி வருகிறேன். ஆங்கில வழியில் படித்து வந்தவர்களிலும் பாதிப் பேர் சொற்களைக் கேட்டுப் பழகியிருப்பார்களே தவிர, அவற்றின் பொருளைத் தெரிந்து வைத்திருக்க மாட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு அருகிலுள்ள பயிற்சி நிலையத்தில் ஆறு மாத வகுப்புக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், வளையலை அடகு வைத்துக் கட்டிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ள அவ்வளவு பணம் தேவையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கடிதத்தின் கடைசியில், "நான் அந்தக் காலத்தில் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள், எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் மனம் அந்த வரியில்தான் நின்றது. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று முதல் நாள் அடித்துப் பழகினீர்களே, அதே எழுத்து வரிசைதான் இன்றைக்கும் கணினி விசைப்பலகையில் இருக்கிறது. 1870-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தட்டச்சுப் பொறியின் வரிசை அது. ஷிஃப்ட் விசையை அழுத்தினால் பெரிய எழுத்து வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழைய பொறியில் உள்ளே ஒரு பாகம் உண்மையிலேயே இடம்பெயர்ந்தது, அதனால்தான் அந்தப் பெயர். டேப் விசை, பேக்ஸ்பேஸ் எல்லாம் நீங்கள் விரல் வைத்துப் பழகியவை.

மின்னஞ்சலில் சி.சி. என்று ஓர் இடம் இருக்கும். மகளுக்குப் புரியாத சொற்களின் பட்டியலில் அதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே கருநீலத் தாளை வைத்து அடித்தால் கீழே ஒரு நகல் விழுமே, அந்தக் கார்பன் காப்பிதான் அது. யாருக்குக் கடிதமோ அவர் பெயர் மேலே. வேறு யாருக்கு நகல் போக வேண்டுமோ அவர் பெயர் சி.சி.யில். பி.சி.சி. என்றால் மறைவான நகல்: அதைப் பெறுகிறவர் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. இதை மகளுக்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். மூன்றாம் ஆண்டில் அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பத்து நிறுவனங்களின் முகவரிகளையும் ஒரே மடலில் சி.சி.யில் போட்டு அனுப்பிவிடக் கூடாது. அப்படி வரும் மடலைப் பெறுகிற அதிகாரிக்கு, இந்தப் பெண் எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கிறாள் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இனி ரேம். உங்கள் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார் அல்லவா? வாடிக்கையாளர் கேட்ட சாமான்களை எடுத்து வைத்துப் பொட்டலம் கட்டும் பலகை ஒன்று முன்னால் இருக்கும். மூட்டைகள் பின்னால் கிடங்கில் இருக்கும். பலகைதான் ரேம். கிடங்குதான் ஹார்ட் டிஸ்க், அல்லது இப்போது பரவலாக வரும் எஸ்.எஸ்.டி. பலகை சிறியதாக இருந்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் வரும்போது வேலை தடுமாறும். கணினியில் நாலைந்து செயலிகளை ஒன்றாகத் திறக்கும்போது திணறுவதும் அதனால்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. மின்சாரம் போனால் ரேமில் இருந்தது அத்தனையும் அழிந்துவிடும். ஒரு மணி நேரம் தட்டச்சு செய்த கடிதத்தைச் சேமிக்காமல் விட்டுவிட்டு, மின்தடையில் இழந்து கண்கலங்கிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேமிப்பது என்றால் பலகையில் இருப்பதைக் கிடங்கிலும் வைப்பது. இதைப் புரிந்துகொண்டவள் ரேமின் விரிவாக்கத்தை மறந்தாலும் பாதகமில்லை.

கடைக்காரர் மடிக்கணினி விற்கும்போது "8 ஜி.பி., 512 ஜி.பி." என்று இரண்டு எண்களைச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சின்ன எண் பலகை, பெரிய எண் கிடங்கு. வணிகவியல் படிக்கும் பெண்ணுக்கு இந்த அளவு போதும். அதற்கு மேல் விலை சொன்னால் வாங்காதீர்கள். சேமிப்பு எஸ்.எஸ்.டி.யா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட அது பல மடங்கு வேகமானது.

சி.பி.யு. பற்றி ஒரு திருத்தம். மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டியைத்தான் நம் ஊரில் எல்லோரும் சி.பி.யு. என்கிறார்கள். கணக்கிடும் வேலையைச் செய்யும் மையச் செயலகம் அந்தப் பெட்டிக்குள்ளே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சில்லு. நேர்முகத் தேர்வில் பெட்டியைக் காட்டி சி.பி.யு. என்று சொல்லிவிட்டால் சங்கடமாகப் போய்விடும்.

அடுத்து வருவது பிள்ளைகளை அதிகமாக அலைக்கழிக்கும் விஷயம், கே.பி.யும் எம்.பி.யும். கணினிக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும்தான். அப்படி ஓர் இலக்கம் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஏறத்தாழ ஆயிரம் பைட் ஒரு கே.பி., ஆயிரம் கே.பி. ஒரு எம்.பி., ஆயிரம் எம்.பி. ஒரு ஜி.பி. (ஆயிரமா 1024-ஆ என்ற கேள்வி தேர்வில் வரும். இரண்டு கணக்கும் புழக்கத்தில் உண்டு. பாடநூலில் இருப்பது 1024.) அரசுத் தேர்வு விண்ணப்பங்களில் பெரும்பாலும் புகைப்படம் 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். கைப்பேசியில் எடுத்த படம் மூன்று எம்.பி. இருந்தால், அதாவது மூவாயிரம் கே.பி., அது அனுமதித்த அளவைப் போல அறுபது மடங்கு. இணையதளம் அதை ஏற்காது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவன், நன்றாகப் படித்தவன், கடைசி நாள் இரவு பதினோரு மணி வரை இந்தப் படத்தோடு போராடி விண்ணப்பத்தைத் தவறவிட்டான். ஓர் ஆண்டு போயிற்று. அவனுக்கு கே.பி.யின் விரிவாக்கம் தெரிந்திருந்தது. படத்தைச் சிறிதாக்கத் தெரிந்திருக்கவில்லை. விண்டோஸ் கணினியில் உள்ள பெயிண்ட் செயலியில் ரீசைஸ் என்ற பொத்தானை அழுத்தி நீள அகலத்தைக் குறைத்தால் இரண்டு நிமிட வேலை அது. இந்த வாரமே மகள் அதைச் செய்து பார்க்கட்டும். முன்பின் தெரியாத இணையதளங்களில் ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்றி அளவைக் குறைக்க வேண்டாம்.

தமிழ் தட்டச்சில் இன்னொரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அச்சுக்காகத் தட்டச்சு செய்து தரும் டி.டி.பி. கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. பாமினியில் "அம்மா" என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்த ஏற்பாடு. அதில் அடித்த "அம்மா" எந்த ஊர்க் கணினியிலும் அம்மாவாகவே தெரியும். கைப்பேசியில் மகள் அடிக்கும் தமிழ் யூனிகோடுதான். விசைப்பலகையில் பழக வேண்டுமென்றால் 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 வரிசையில் தொடங்கட்டும். கற்பது எளிது. இன்னொன்று: இணையத்தில் பரவலாக உள்ள முறையில் "அம்மா" என்ற சொல் 15 பைட் இடம் பிடிக்கிறது. அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மகளிடம் சொல்லிப் பாருங்கள், பைட் என்பது அவளுக்கு மறக்காது.

விரிவாக்கங்களைப் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டித் தேர்வுகளில் கேட்கிறார்கள். ஆனால் மலிவு விலைக் கையேடுகளில் பொய்யான விரிவாக்கங்களும் அச்சாகின்றன. கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கே எழுத்துக்கு ஒரு சொல்லாக நீண்ட விரிவாக்கம் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. கணக்கிடுதல் என்ற பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இயந்திரம் வருவதற்கு முன்பு கணக்குப் போடும் வேலையில் இருந்த மனிதர்களையே அப்படி அழைத்தார்கள். வைஃபை என்பதும் சுருக்கமாகப் பிறந்த சொல் இல்லை, வணிகத்துக்காக வைத்த பெயர். ஜெ.பி.ஜி., பி.டி.எஃப்., எச்.டி.எம்.எல். போன்றவற்றுக்கு உண்மையான விரிவாக்கம் உண்டு. அவற்றையும் வேலையோடு சேர்த்தே படிக்கட்டும்: புகைப்படத்துக்கு ஜெ.பி.ஜி., எந்தக் கணினியில் திறந்தாலும் வடிவம் மாறாமல் இருக்க வேண்டிய ஆவணத்துக்கு பி.டி.எஃப்.

மிக முக்கியமான சுருக்கெழுத்து உங்கள் மகளின் படிப்பின் பெயரிலேயே இருக்கிறது. "சி.ஏ. படிக்கிறாள், ஆடிட்டர் ஆகிவிடுவாள் என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொல்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். பி.காம். சி.ஏ.யில் உள்ள சி.ஏ. கணினிப் பயன்பாடுகள். ஆடிட்டர் என்று நாம் சொல்லும் சி.ஏ. பட்டயக் கணக்காளர். அதற்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடத்தும் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்ற மூன்று நிலைத் தேர்வுகள் உண்டு. ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும் பெற வேண்டும். பட்டம் வாங்கியதும் தானாக அது கிடைத்துவிடாது. ஆசை இருந்தால் இந்தப் பட்டத்தோடு அதற்கும் தயாராகலாம், தடையில்லை. அவள் அப்பாவிடம் இன்றைக்கே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தால் மகள் ஏமாற்றிவிட்டதாக அவர் நினைக்கக்கூடும். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

அரசுத் தட்டச்சர் வேலையும் ஒரு நல்ல வழி. அதற்குத் தட்டச்சுத் தேர்வுகளோடு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் "கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்" சான்றிதழும் கேட்பார்கள். சி.ஓ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். தனியார் நிலையம் தானாக அச்சடித்துத் தரும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. பணம் கட்டுவதென்றால் தட்டச்சு வகுப்புக்குக் கட்டுங்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் தன் கல்லூரியில் என்னென்ன பயிற்சிகள் கிடைக்கின்றன என்றும் மகள் விசாரிக்கட்டும்.

ஓ.டி.பி. பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன். ஒரே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் கடவுச்சொல் அது. அதை யாருக்கும், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்பவருக்கும்கூட, படித்துக் காட்டக் கூடாது. யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. வேலை தருகிறோம், பதிவுக் கட்டணம் அனுப்பு என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை மகள் உங்களிடம் காட்டிவிட்டு அழித்துவிடட்டும். அரசுத் தேர்வாணையத்தின் இணைய முகவரி, அதாவது யு.ஆர்.எல்., ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என். என்று முடியும். அதற்குப் பின்னால், சாய்கோடு வருவதற்கு முன்பே வேறு ஏதாவது ஒட்டியிருந்தால் உள்ளே போக வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இனி அவள் செய்ய வேண்டியது. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் எக்செல் என்ற அட்டவணைச் செயலி இருக்கும். கடையின் ஒரு மாத வரவு செலவை, அப்பாவின் நோட்டிலிருந்து அவளே அதில் ஏற்றட்டும். தேதி ஒரு பத்தி, சரக்கு ஒரு பத்தி, தொகை ஒரு பத்தி. கூட்டல் ஃபார்முலா போட்டு மொத்தம் எடுக்கட்டும். நோட்டிலுள்ள மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று அப்பாவே பார்க்கட்டும். செல், ரோ, காலம் (பத்தி), ஷீட், ஃபைல், ஃபோல்டர் என்ற சொற்கள் அந்த ஒரு வேலையிலேயே அவள் வாயில் வந்துவிடும். டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி.யும் அடுத்த ஆண்டு வரும்போது பயம் இருக்காது.

முடித்ததும் அதை பி.டி.எஃப். ஆக்கி, 200 கே.பி.க்குள் வைத்து, எனக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பொருள் வரியில் தன் பெயரும் படிப்பும் இருக்கட்டும், சி.சி.யில் உங்கள் முகவரி இருக்கட்டும். உங்களுக்கு மின்னஞ்சல் முகவரி இல்லையென்றால் முதலில் அதை அவள் தொடங்கித் தரட்டும். கடவுச்சொல்லை மட்டும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.