கழற்றும் டிஸ்க்கில் கிளவுட் ஃபோல்டரை வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். பழைய வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் துணி மொத்த வியாபாரம் செய்கிறோம். கடை கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11, சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி. டிசைன் போட்டோ, பில், ஸ்டாக் கணக்கு எல்லாம் சேர்த்து 600 ஜிபி கூகுள் டிரைவில் இருக்கிறது. சி டிரைவில் இடம் இல்லாததால், தனி அடாப்டரோடு வரும் 4 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, கிளவுடோடு தானாக ஒத்துப்போகும் சிங்க் ஃபோல்டரை அதில் வைத்தேன். போன வாரம் கரண்ட் போய் வந்ததும் ‘ஃபோல்டரைக் காணவில்லை’ என்று மெசேஜ் வந்தது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில்தான் ஓடுகிறது, ஆஃப் ஆகவே இல்லை. இப்படி வைப்பது சரியா? கிளவுடிலும் டிஸ்க்கிலும் இருப்பதால் பேக்கப் என்று நம்பலாமா?

பதில்: முதலில் அந்த மெசேஜ். உங்கள் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகவில்லை, டிஸ்க் ஆஃப் ஆகிவிட்டது. 3.5 அங்குல எக்ஸ்டெர்னல் டிஸ்க் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. அந்த அடாப்டர் பெரும்பாலும் சுவர் பிளக்கில் இருக்கும், சிபியுவும் மானிட்டரும் மட்டும் யுபிஎஸ்ஸில் இருக்கும். கரண்ட் ஒரு நொடி சிமிட்டினாலும் டிஸ்க் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சிங்க் ஆப்புக்கு, நடு வேலையில் ஃபோல்டர் மாயமானது போலத் தெரியும். அடாப்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது பின்பக்கம் பாருங்கள்: சில யுபிஎஸ்களில் எல்லா சாக்கெட்டும் பேட்டரியில் ஓடாது, ஒன்றிரண்டு வெறும் சர்ஜ் பாதுகாப்புக்கு மட்டும்.

இதோடு பிரச்சினை தீர்ந்துவிடாது. சிங்க் ஆப் ஒரு கணக்கை நம்பி வேலை செய்கிறது: ‘இந்த ஃபோல்டரில் இருப்பதுதான் முதலாளி வைத்திருப்பது.’ ஒரு ஃபைல் இங்கே இல்லையென்றால், நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு கிளவுடிலும் அழிக்கும். ஃபோல்டர் மொத்தமாக மறைந்தால் ஆப் சுதாரித்து நின்றுவிடும். உங்களுக்கு வந்த மெசேஜ் அதுதான், நல்ல அறிகுறி. ஆனால் டிஸ்க் கழன்ற அந்தக் கணத்தில் ஆப் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. டிஸ்க் முழுதும் போய்விட்டது என்று உணர்வதற்குள் சில ஃபைல்களை அழிக்கத் தொடங்கும் சிறிய வாய்ப்பு உண்டு என்று டிராப்பாக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்கே எச்சரிக்கிறது.

இன்னொரு ஆபத்து நம் கையால் வருவது. அந்த மெசேஜைப் பார்த்த அவசரத்தில் புதிய ஃபோல்டர் ஒன்றைக் காட்டிவிட்டால், 600 ஜிபியும் மறுபடி இறங்கத் தொடங்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தடையில்லாமல் ஓடினாலும் 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காட்டிய இடம் சி டிரைவாக இருந்தால் அது நிரம்பி விண்டோஸே திணறும். அந்த மெசேஜ் வந்தால் எதையும் கிளிக் செய்யாமல் ஆப்பை மூடுங்கள், டிஸ்க்கை இணையுங்கள், திறந்து ஃபைல்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஆப்பைத் திறங்கள்.

ஆகவே என் பரிந்துரை தலைகீழ். சிங்க் ஃபோல்டர் எப்போதும் கழலாத டிஸ்க்கில் இருக்கட்டும். கழற்றக்கூடிய டிஸ்க் பேக்கப்புக்கு இருக்கட்டும். லேப்டாப்காரருக்கு இந்த வசதி குறைவு. உங்களிடம் இருப்பது டெஸ்க்டாப். கேபினெட்டுக்குள் இன்னொரு டிஸ்க் போட இடம் இருக்கும்போது வெளியே வயரில் தொங்கவிட அவசியமே இல்லை.

2 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் ஒன்று, சாட்டா டேட்டா கேபிள் ஒன்று, ஸ்க்ரூ நான்கு. வாங்கும்போது சிஎம்ஆர் வகையா (எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது) என்று கேளுங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், சின்னச் சின்ன ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும் சிங்க் வேலையில் வேகம் படுத்துவிடும். பவர் பிளக்கை முற்றிலும் எடுத்துவிட்டு, டேட்டா கேபிளை மதர்போர்டில் காலியான சாட்டா போர்ட்டிலும், பவரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வரும் தட்டையான பின்னிலும் மாட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். புது டிஸ்க்கை ஜிபிடி முறையில் இனிஷியலைஸ் செய்து, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். எந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்கிறீர்கள் என்பதை அளவைப் பார்த்து இருமுறை உறுதிப்படுத்துங்கள். 4 டிபி டிஸ்க்கைத் தொட்டுவிடக்கூடாது.

மாற்றுவதற்கு முன் கூகுள் டிரைவ் ஐகானைத் திறந்து, எல்லாம் அப்லோட் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஒரு ஃபைல்கூட வரிசையில் நிற்கக்கூடாது. அதன் பிறகு ஆப்பின் பிரிஃபரன்ஸுக்குள் போய், மிரர் ஃபோல்டர் (கிளவுடில் இருப்பதன் முழு நகல்) இருக்கும் இடத்தை அங்கிருந்தே மாற்றுங்கள். எக்ஸ்ப்ளோரரில் கட், பேஸ்ட் செய்து இழுக்காதீர்கள். ஆப் அதைக் காணாமல் போனதாகவே எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை கடை மூடும்போது தொடங்குங்கள். எல்லாம் திரும்ப இறங்கினாலும் திங்களுக்குள் முடிந்துவிடும். புது இடத்தில் எல்லாம் சரி என்று தெரியும்வரை பழைய டிஸ்க்கில் இருப்பதை அழிக்க வேண்டாம்.

600 ஜிபியும் கையருகே இருக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். கூகுள் டிரைவில் மிரர் தவிர ஸ்ட்ரீம் என்ற முறையும் உண்டு: ஃபைல் கிளவுடில் இருக்கும், திறக்கும்போது மட்டும் இறங்கும். பழைய சீசன் டிசைன்களை எப்போதாவதுதான் பார்ப்பீர்கள் என்றால் இதுவே போதும். ஆனால் திறந்த ஃபைல்கள் தேங்கும் கேஷ் ஃபோல்டர் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். செட்டிங்ஸில் அதை உள்ளே போட்ட புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். எக்ஸ்டெர்னலுக்கு மாற்றாதீர்கள். இன்னும் அப்லோட் ஆகாத மாற்றங்கள் அந்தக் கேஷில்தான் காத்திருக்கும், டிஸ்க் போனால் அவையும் போகும்.

கேபினெட்டில் இடமே இல்லை, சின்ன மினி பிசி என்று வைத்துக்கொள்வோம். அப்போது எக்ஸ்டெர்னலில் சிங்க் வைத்தே ஆக வேண்டுமென்றால் இவற்றைக் கட்டாயம் செய்யுங்கள். டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட்டில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு) கிடையாது, திடீரென்று கழன்றால் ஃபைல் அட்டவணையே கெடலாம். ஒன்டிரைவ் அதை ஏற்கவும் செய்யாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவ் லெட்டரை எஸ் (S), டி (T) போன்ற பின் எழுத்தாக நிலைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பென் டிரைவ் செருகி வைத்த நாளில் எழுத்து மாறி, ஆப் ஃபோல்டரைத் தேடி அலையும். பின்பக்க யுஎஸ்பி போர்ட்டையே பயன்படுத்துங்கள். முன்பக்கப் போர்ட் கேபினெட்டுக்குள் நீளமான மெல்லிய வயரில் வருவது, அடாப்டர் இல்லாத 2.5 அங்குல டிஸ்க்குகள் அங்கே மின்சாரம் போதாமல் அடிக்கடி கழலும். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் வசதி) நிறுத்துங்கள். சிங்க் ஆப் விண்டோஸோடு தானாகத் தொடங்குவதையும் நிறுத்திவிட்டு, டிஸ்க் தெரிந்த பிறகு நீங்களே திறங்கள். கழற்றும்போது முதலில் ஆப்பை மூட வேண்டும், பிறகுதான் சேஃப்லி ரிமூவ்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோரம் இருப்பவர்களுக்கு ஒன்று: உப்புக் காற்றில் யுஎஸ்பி முனைகள் பச்சை பிடிக்கும். இரவில் டிஸ்க் தானாகக் கழன்று மாட்டும் சத்தம் கேட்டால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இல்லை, அது பேக்கப் அல்ல. கடைப் பையன் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் அது கிளவுடிலும் அழியும். கூகுள் டிரைவ் டிராஷில் 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு இல்லை. ரான்சம்வேர் ஃபைலைப் பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் மேலே ஏறும். சிங்க் என்பது கண்ணாடி, இந்தப் பக்கம் நடப்பதை அந்தப் பக்கம் காட்டும்.

அந்த 4 டிபி டிஸ்க்குக்கு உண்மையான வேலை இங்கேதான். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இரவு செருகி, மிரர் ஃபோல்டரிலிருந்து நகலெடுத்து, கழற்றிவிடுங்கள். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் போதும். அதில் அப்டேட் முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த மென்பொருளின் மிரர் முறை, இங்கே அழிந்ததை அங்கேயும் அழிக்கும். மாறும் ஃபைல்களின் பழைய பதிப்பைத் தனி ஃபோல்டரில் வைக்கும் வெர்ஷனிங் வசதியையும் போட்டுவிடுங்கள். ஸ்ட்ரீம் முறையில் இருப்பவர்கள் நகலெடுக்கத் தொடங்கினால் ஒவ்வொரு ஃபைலும் முதலில் இணையத்திலிருந்து இறங்கும். நெட் போனால் பாதியில் நிற்கும்.

ஸ்டாக் கணக்கு கூகுள் ஷீட்டில் இருக்கிறதா? அப்படியானால் கவனம். உங்கள் ஃபோல்டரில் தெரிவது சில கேபி அளவுள்ள குறுக்குவழி மட்டும், உள்ளே ஒரு எண்கூட இல்லை. அதை டிஸ்க்கில் நகலெடுத்தால் எதுவும் காப்பாற்றப்படாது. மாதம் ஒருமுறை கூகுள் டேக்அவுட்டில் (நம் கூகுள் தரவை இறக்கித் தரும் சேவை) போய் எக்செல் வடிவில் இறக்கி டிஸ்க்கில் போடுங்கள்.

பேக்கப் டிஸ்க்கைக் கடையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு தெருக்களில் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். தரைமட்டத்தில் கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் ஒரே மேசைக்கு அடியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். மாடி வீட்டு பீரோவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து நான்கைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள், ஒரு பழைய பில், ஒரு பெரிய போட்டோ, ஒரு எக்செல்.